தக்குணுப் பக்கத்து யன்னல்கள்

போன கிழமை எங்கள் வீட்டு யன்னல்களை மாற்றினார்கள். வீடென்று சொல்லிவிட்டேன். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் மகன் வாங்கியிருக்கும் மூன்று அறைகள், அவ்வளவுதான். உப்புக் காற்றில் உக்கிப்போன மரச் சட்டங்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட ஒரு சிங்களப் பெடியன் வந்திருந்தான். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். அதை அழுத்தினால் வெள்ளைப் பசை ஒன்று ஊர்ந்து வந்து சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைத்தது. வீடு முழுக்க வினாகிரி மணம்.

பெடியன் என் பக்கம் திரும்பி, "சீயா, மேக்க அரின்னே தக்குணட்டத?" என்று கேட்டான். தாத்தா, இது வலப்பக்கமாகவா திறபட வேண்டும் என்று பொருள். ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டிய சின்னக் கேள்வி. நானோ எழுந்து பல்கனிக்குப் போய்க் கடல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தேன். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, கடல் நேற்றும் அங்கதான் கிடந்தது" என்றாள்.

அவளில் பிழையில்லை. 'தக்குண' என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இப்படியொரு தடுமாற்றம் வரும். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டு, யார் சரி, யார் பிழை, எவ்வளவு பிழை என்று என்னைக் கணக்குப் பிரிக்கச் சொல்லாதீர்கள். அறுபது வருஷமாக நானும் பிரித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் விடை வேறாக வருகிறது.

வினாகிரி மணத்திலிருந்து மனம் நேரே சுண்ணாம்பு மணத்துக்குப் போயிற்று. அந்தக் காலத்தில் வீடு கட்டும் வளவுக்குள் காலடி வைத்தால் முதலில் வருவது அந்த மணம்தான். குழிக்குள் நீற்றிய சுண்ணாம்பு, வேகிற மாதிரி ஒரு சூடான வாசம். பின்னேரம் அறைக்குத் திரும்பிய பிறகும் கையை மூக்கருகே கொண்டுபோனால் அது இருக்கும். அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வேறு மூன்று யாழ்ப்பாணத்துப் பெடியன்களோடு இருந்தேன். நாலு பேருக்கு இரண்டு கட்டில். உத்தியோகம் கிடைத்தவன் கட்டிலில் படுப்பான், கிடைக்காதவன் பாயில் படுப்பான். இப்படி ஒரு சட்டம் யார் போட்டது என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. எனக்கு வயது இருபத்தொன்று. பாய்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் அது. எங்கள் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்தார். ஊரில் எல்லாரும் அவரைக் கிளாக்கர் ஐயா என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் தன் துரையிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அரசாங்க உத்தியோகம் நிச்சயம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கொழும்புக்கு வந்தேன். அவரோ அப்போது வெள்ளவத்தையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பகலில் கந்தோரை விட்டு வர முடியாது. வேலையாட்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை.

"உமக்குச் சிங்களம் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்றேன்.

எனக்குத் தெரிந்த சிங்களம் வா, போ, எவ்வளவு, தேத்தண்ணி. இருபது வரைக்கும் எண்ணவும் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைக் கட்டி முடிக்கலாம் என்று அந்த வயதில் தோன்றியது. மறுநாளே ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு, கோட்டையில் ரயிலேறி வெள்ளவத்தையில் இறங்கினேன். தொப்பியைத் தவிர என்னிடம் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் என்று சொல்ல எதுவுமே இல்லை.

வீடு கடலைப் பார்த்தது, அதாவது மேற்கு. முன்னால் ஒரு சிறு ஒழுங்கை, அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். தெற்குப் பக்கம் கிளாக்கர் ஐயாவின் சொந்தத் தோட்டம், தென்னையும் முருங்கையுமாக. வடக்குப் பக்கம் அடுத்த வளவு. அங்கே ஒரு பறங்கிக் கனவானின் வீடு. அவருடைய வாளிக் கக்கூசு எங்கள் வடக்குச் சுவருக்குப் பத்தடி தள்ளி நின்றது. ஆகவே கிளாக்கர் ஐயாவின் கட்டளை தெளிவாக இருந்தது. நடு அறைக்குத் தெற்கே இரண்டு கண்ணாடி யன்னல்கள், காற்றும் தோட்டமும் தெரியத் திறந்து மூடுகிறவை. வடக்கே இரண்டு பலகை யன்னல்கள், சாய்பலகை அறைந்து, திறக்கவே முடியாதவை. வெளிச்சம் வரலாம், கக்கூசு தெரியக்கூடாது.

இதில் ஒரு கோளாறு இருந்தது. வீடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கிளாக்கர் ஐயாவுக்கு ஆசை. அதனால் முனியாண்டி மேசன் நாலு யன்னலுக்கும் ஒரே அளவில் வெளி விட்டுச் சுவரைக் கட்டியிருந்தார். எந்தச் சட்டமும் எந்த வெளிக்குள்ளும் போகும். அளவு வேறாக இருந்திருந்தால் பிழையான சட்டத்தைச் சுவரே வேண்டாமென்று தள்ளியிருக்கும், நானும் இன்றைக்குப் பல்கனிக்கு ஓடியிருக்க மாட்டேன்.

முனியாண்டி மேசன் இந்தியாவிலிருந்து வந்தவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தார். நல்ல மேசன்தான். ஆனால் கபுக் என்கிற செம்புறைக் கல்லில் கட்டினால் யார் கட்டினாலும் விளிம்பு நேராக வராது. மேலே ஒரு விரல் ஒடுங்கும், கீழே ஒரு விரல் அகலும். அந்தக் கோணல் வெளிக்குள் ஒரு நேரான சட்டத்தை நிறுத்துவது தச்சன் வேலை. அதற்கு வந்தவர் சைமன் பாஸ்.

கொழும்பில் கைவேலைக்காரர் எல்லாரும் பாஸ்தான். சைமன் பாஸுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும், இரத்மலானையிலிருந்து வருவார், நெட்டையான மனிதர். அதுவரை மச்சானின் கீழ் கூலிக்கு வேலை செய்தவர், தன் பேரில் பொறுப்பெடுத்த முதல் வீடு இது. அதே ஒழுங்கையில் கிளாக்கர் ஐயாவின் சிநேகிதர்கள் மூன்று பேர் வீடு கட்டக் காத்திருந்தார்கள். இந்த வீட்டு யன்னல்கள் பிடித்துப்போனால் அந்த மூன்று வீடும் சைமன் பாஸுக்கு என்று பேச்சு. அவருக்கு மனைவியும் இரண்டு கைக்குழந்தைகளும். இதையெல்லாம் அவர் கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, நாலு தரம் திருப்பிச் சொல்லித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

அவர் ஒரு யன்னலை நிறுத்துவதைப் பார்க்க வேண்டும். சட்டத்தைத் தூக்கி வெளிக்குள் வைப்பார். சுற்றிவர ஒரு விரல் இடைவெளி இருக்கும். நாலு மூலையிலும் மர ஆப்பு. அடியில் ரசமட்டத்தை வைத்துவிட்டு, குனிந்து அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டே கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் ஆப்பை ஒரு தட்டு தட்டுவார். குமிழி நகரும். எதிர்மூலை ஆப்பில் இன்னொரு தட்டு. பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நிலைக்குத்துப் பார்ப்பார். பிறகு மூலைக்கு மூலை நூல் பிடிப்பார், இரண்டு நூலும் ஒரே நீளமா என்று. நீளத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எல்லா ஆப்பையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து. அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, ஓவசியரான நானும்தான். எல்லாம் சரியென்று கண்டால், சட்டத்தின் இரும்புக் கொக்கிகளை மேசன் சாந்து வைத்துச் சுவருக்குள் இறுக்குவார். சாந்து காய்ந்ததும் சைமன் பாஸ் யன்னல் கதவைப் பொருத்தி, அதைப் பாதி திறந்துவிட்டுக் கையை எடுப்பார். கதவு தானாக மூடவும் கூடாது, தானாகத் திறக்கவும் கூடாது. விட்ட இடத்தில் நிற்க வேண்டும். முன் அறை யன்னலில் அவர் அப்படிச் செய்து காட்டியபோது நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது, கதவு அசையவில்லை.

இனி நான் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். ஒரு நாள் காலை, ஒழுங்கையில் நின்று வீட்டைப் பார்த்தபடி, நடு அறைச் சட்டங்களைப் பற்றிச் சைமன் பாஸிடம் சொன்னேன்:

"பாஸ், வீதுரு ஜனேல் தெக்க தக்குணு பெத்தட்ட."

கண்ணாடி யன்னல் இரண்டும் தெற்குப் பக்கத்துக்கு. தெற்கே இருக்கிற காலி, மாத்தறைச் சனங்களைத் தக்குணுப் பக்கத்தார் என்று ரயிலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே தக்குண என்றால் தெற்கு. முழு வசனமாகச் சிங்களம் பேசியது அதுதான் முதல் தடவை. தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"ஹரி மஹத்தயா" என்றார் சைமன் பாஸ், வீட்டுக்குள் நின்றுகொண்டு. சரி ஐயா என்று பொருள்.

அன்று பின்னேரமே எனக்குக் காய்ச்சல் பிடித்தது. மூன்று நாள் பாயில் கிடந்துவிட்டுச் சனிக்கிழமை பின்னேரம் வந்து பார்த்தால் கண்ணாடி யன்னல் இரண்டும் வடக்குச் சுவரில் நின்றன. பலகை யன்னல்கள் தோட்டத்துப் பக்கம். சாந்து இறுகிவிட்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது, காய்ச்சலா யன்னலா என்று தெரியவில்லை. கையை ஆட்டித் தமிழும் சிங்களமும் இங்கிலீசும் கலந்து கத்தினேன். சைமன் பாஸ் திகைத்துப்போய்த் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். "தக்குண" என்றார். நான் தெற்கே விரலைக் காட்டி "தக்குண" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுபடியும் கையைத் தூக்கினார். இப்படிக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நின்றோம்.

சாந்து குழைத்துக்கொண்டிருந்த முனியாண்டி மேசன் சிரித்தேவிட்டார்.

"சின்னய்யா, அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமுங்க. தெக்குன்னும் சொல்லுவாங்க, சோத்துக்கைப் பக்கமுன்னும் சொல்லுவாங்க. அவரு வீட்டுக்குள்ள கடலப் பாத்து நின்னாரு. சோத்துக்கைப் பக்கம் வடக்குத்தானுங்களே?"

வீட்டுக்கு முகம் வாசல்தான், வீட்டின் வலக்கை அதனுடைய வலக்கை, தெருவில் நிற்கிறவனுடையது அல்ல என்று சைமன் பாஸ் சொன்னதையும் மேசன்தான் தமிழில் சொன்னார். நான் ஒழுங்கையில் கிழக்கே பார்த்து நின்றேன். எனக்குத் தெற்கும் வலப்பக்கமும் ஒன்றாகவே இருந்தன. அதனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு பக்கம் இருக்கிறதென்ற சந்தேகமே வரவில்லை. நம்முடைய தட்சிணம் என்ற சொல்லும் இப்படித்தான், தெற்கும் அதுதான், வலமும் அதுதான் என்று பல வருஷங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் உதவியிருக்குமா? அதுவும் தெரியவில்லை.

சைமன் பாஸ் கோபிக்கவில்லை, மேசனையே தமிழில் சொல்லச் சொன்னார். இரண்டே நாளில் கூலியில்லாமல் சட்டங்களைக் கழற்றி மாற்றித் தருகிறேன் என்றார். நாளைக்கு ஐயா வரும்போது மஹத்தயா மட்டும் நடந்ததைச் சொல்லிவிட்டால் போதும், எனக்கு அந்தப் பெரியவரோடு பேசப் பாஷை இல்லை என்றார். நான் சொல்கிறேன் என்றேன். நெஞ்சில் கையை வைத்துக்கூடச் சொன்னேன். அந்த நேரத்தில் உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தேன், நம்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளாக்கர் ஐயா வெள்ளை வேட்டியும் கோட்டுமாக வந்தார். நேரே நடு அறைக்குள் போனார்.

"இதென்ன தம்பி, கண்ணாடி யன்னல் இஞ்சாலை நிக்குது?" என்றபடி ஒரு கதவைத் தள்ளித் திறந்தார். பத்தடிக்கப்பால் பறங்கிக் கனவான், தோளில் துவாயும் கையில் பத்திரிகையுமாகக் கக்கூசுக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். தலையைத் திருப்பி, "குட் மோர்னிங்" என்றார்.

"குட் மோர்னிங், சேர்" என்று சொல்லிவிட்டுக் கிளாக்கர் ஐயா யன்னலைச் சாத்தினார். சத்தமே இல்லாமல் சாத்துப்பட்டது. எவ்வளவு நல்லாகச் சாத்துப்படுகிறது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

"நீர் எந்தப் பக்கமெண்டு அவனுக்குச் சொன்னனீர்?"

"தெற்கெண்டுதான் சொன்னனான், ஐயா."

இது பொய்யா? சொல்லுங்கள். நான் தெற்கென்று நினைத்து, தெற்கென்ற பொருளுள்ள சொல்லைத்தான் சொன்னேன். அதற்குப் பின்னால் 'ஆனால் ஐயா, அந்தச் சொல்லுக்கு' என்று ஒரு வசனம் வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொன்னால், சிங்களம் தெரியுமென்று புளுகிய கதை வெளியே வரும். துரையிடம் சொல்ல வேண்டிய வார்த்தை போய்விடும். கிளாக்கர் ஐயா எனக்கு இடம் தராமல் திரும்பிவிட்டாரா, இல்லை அவர் திரும்பட்டும் என்று நான் காத்திருந்தேனா? ஒரு நாள் அப்படித் தோன்றும், ஒரு நாள் இப்படித் தோன்றும். நான் சொன்னதைக் கேட்டுச் சைமன் பாஸ் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தது மட்டும் நல்லாக நினைவிருக்கிறது. ஏன் தலையசைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கிளாக்கர் ஐயா தன்னிடமிருந்த கொஞ்சச் சிங்களத்தில், உனக்கு என்ன சொல்லப்பட்டது என்று அவரைக் கேட்டார்.

"தக்குணு பெத்தட்ட கிவ்வா, மஹத்தயா" என்றார் சைமன் பாஸ். தக்குணுப் பக்கத்துக்கு என்று சொன்னார், ஐயா.

"கேட்டீரோ? தெற்கெண்டு சொன்னதெண்டு அவனே ஒத்துக்கொள்ளுறான்!"

கிளாக்கர் ஐயாவும் என்னைப் போலத்தான். காலி, மாத்தறைச் சனங்களைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல்லைப் பொறுக்கியவர், அவருக்கும் அதற்கு ஒரே பொருள்தான். சைமன் பாஸ் தன் பக்கத்தை விளக்குவதற்காக ஓரடி முன்னால் வந்து, முதல் நாள் எனக்குக் காட்டியது போலவே வலக்கையை உயரத் தூக்கினார். "மே தக்குண, மஹத்தயா, மே!" இதுதான் தக்குண, இது. சட்டங்களைக் கழற்ற ஆயத்தமாக வந்த மனிதர், அந்தக் கையில் கொட்டாப்புளி இருந்தது. கிளாக்கர் ஐயா குள்ளம். இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

"எனக்குக் கை ஓங்குறியோ? வெளியிலை போடா! இனி இந்த ஒழுங்கைப் பக்கம் உன்ரை தலைக்கறுப்புத் தெரியக்கூடாது!"

"ஐயா, வந்துங்க, அவரு என்ன சொல்றாருன்னா" என்று முனியாண்டி மேசன் வாயெடுத்தார்.

"நீ உன்ரை வேலையைப் பார்" என்றார் கிளாக்கர் ஐயா. மேசன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சைமன் பாஸ் கொட்டாப்புளியைக் கீழே வைத்தார். ரசமட்டத்தை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்துத் துணியில் சுற்றினார். ஒவ்வொரு சாமானாகப் பெட்டிக்குள் அடுக்கினார், அவசரப்படவில்லை. வாசலைத் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து மறுபடியும் தலையசைத்தார். கோபமான தலையசைப்பு அல்ல. அது என்னைப் போட்டுக் குழப்பியது. ஏசியிருந்தால் விளங்கியிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பிவிட்டோம் என்ற ஒரு நிம்மதியும் கூடவே இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

வேறொரு பாஸ் வந்தார். சட்டங்களைப் பாரையால் நெம்பிக் கழற்றித் தெற்கே வைத்தார். ஒரு கண்ணாடி வெடித்தது. அதற்குப் பிறகு அந்த யன்னல்கள் விட்ட இடத்தில் நிற்கவேயில்லை, தானாக வந்து அடித்துச் சாத்திக்கொள்ளும். வெறி பிடித்துக் கொட்டாப்புளியால் அடிக்க வந்த பாஸ் என்று ஒழுங்கை முழுக்கக் கதை பரவியது. காத்திருந்த மூன்று வீடும் கைமாறிப் போயின. கிளாக்கர் ஐயா துரையிடம் என்னைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னார். நான் கட்டிலுக்கு ஏறினேன்.

யுத்தம் தொடங்கிக் கனகாலத்துக்குப் பிறகு ஒரு பின்னேர ரயிலில் சைமன் பாஸைக் கண்டேன். பட்டாளத்துக்காரர் நிறைந்த பெட்டி, இருக்க இடமில்லை. "மஹத்தயா!" என்று கூப்பிட்டுத் தன் இடத்தில் என்னை இருத்திவிட்டு எதிரே நின்றார். இரத்மலானை விமானத் திடலில் பட்டாளத்துச் சாமான்களுக்குப் பெட்டி அடிக்கிறாராம். யன்னல் வேலை பிறகு கிடைக்கவில்லையாம், அந்தக் கதை போன இடமெல்லாம் கூடவே வந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்போது எனக்குச் சிங்களம் நன்றாகவே வந்தது, ஆகவே பாஷையின் மேல் பழி போடவும் வழியில்லை. சொல்லிவிடுவோம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

அன்றைக்கு நீங்கள் எனக்காக அந்த ஐயாவிடம் தமிழில் எடுத்துச் சொன்னீர்கள், நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன் என்றார். கொட்டாப்புளியோடு கையைத் தூக்கி அதை நான்தான் கெடுத்தேன் என்றும் சொன்னார். என்னால் உங்களுக்கும் ஏச்சு விழுந்திருக்கும். "சமாவென்ன, மஹத்தயா" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரயில் இரத்மலானையில் நின்றுவிட்டது.

"கமக் நே, பாஸ்" என்றேன். பரவாயில்லை.

அவர் சந்தோஷமாக இறங்கிப் போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை. தேடவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வீட்டை இடித்து ஏழு மாடி எழுப்பிவிட்டார்கள். ஒழுங்கைக்குப் பேர் மாறிவிட்டது. தோட்டமும் பறங்கிக் கனவானின் வளவும் ஒரே கொங்கிரீட்டுக்குள் போய்விட்டன, எது தெற்கு, எது வடக்கு என்று கேட்க ஒருவரும் இல்லை. கிளாக்கர் ஐயா போய் நாற்பது வருஷம். முனியாண்டி மேசன் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பியதாகக் கேள்வி. சைமன் பாஸ் இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார், இருக்கமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.